அம்மனிடம் கேட்காதது

அம்மனிடம் நான் எதையும் கேட்டதில்லை என்று சொன்னால் எங்கள் ஊரில் சிரிப்பார்கள். வருஷத்துக்கு ஒரு தரம், வைகாசியில்தான் எங்கள் கோயில் கதவு திறக்கும். திறக்கும்போது முன்வரிசையில் நிற்கிறவள் நான். சடங்கு முடியும்வரை என் வீட்டில் மீன் சட்டி அடுப்பில் ஏறாது. பொங்கல், மடை, நேர்த்தி என்று ஒன்றையும் குறைய விட்டதில்லை. ஆனால் கட்டுச் சொல்கிற இடத்துக்கு மட்டும் நான் போவதில்லை.

கட்டுச் சொல்வது எங்கள் பக்கத்து வழக்கம். சடங்கு நாட்களில் ஒருவர் மீது அம்மன் ஏறி ஆடுவாள். ஆட்டம் தணிகிற நேரத்தில் மனக்குறை உள்ளவர்கள் முன்னால் போய் நிற்பார்கள். களவு போன மாடு, கலியாணம் சரிவராத பிள்ளை, உழைக்கக் கட்டாருக்குப் போய்க் கதை பேச்சில்லாமல் போன மகன், எல்லாவற்றுக்கும் அம்மன் பதில் சொல்லுவாள். எங்கள் கோயிலில் ஆடுகிறவர் நாவிதன்வெளிப் பக்கம் வயல் செய்கிறவர். மற்ற நாளில் றோட்டில் கண்டால் உரம் கிடைக்காத கதையைத் தவிர வேறு கதை அவரிடம் இல்லை. வேப்பிலையைக் கையில் எடுத்துவிட்டாரென்றால் அவர் இருக்கிற திசைக்கே நான் முகம் காட்ட மாட்டேன்.

பயம்தான் காரணம். கேட்டால் அவள் உண்மையைச் சொல்லிவிடுவாள்.

கடல் ஊருக்குள் வந்த வருஷம் என் மகளுக்கு ஏழு வயது, இரண்டாம் ஆண்டில் படித்தாள். எங்கள் வீடு உள்ளே, பிரதான வீதிப் பக்கம். என் தங்கை வீடு கடற்கரைத் தெருவில். பள்ளிக்கூட லீவுதானே என்று மகள் முதல் நாளே அங்கே போய்ப் படுத்துக்கொண்டாள். தங்கையின் உடல் கிடைத்தது. மகள் கிடைக்கவில்லை.

கல்முனை ஆஸ்பத்திரி விறாந்தையில் ஒவ்வொரு துணியாய் விலக்கிப் பார்த்தவர் என் கணவர். நான் கேற்றுக்கு வெளியே நின்றேன். ஒவ்வொரு முறையும் அவர் வெளியே வந்து இல்லையென்று தலையாட்டும்போது எனக்குச் சந்தோஷமாக இருந்தது. இதை வேறு எந்தச் சொல்லில் எழுதுவது என்று எனக்குத் தெரியவில்லை. சந்தோஷம்தான்.

அந்தச் சந்தோஷத்தை வைத்துக்கொண்டுதான் இத்தனை வருஷமும் ஓடியது. உடலைக் காணாத தாய்க்கு ஒரு கதவு எப்போதும் திறந்தே கிடக்கும். யாராவது தூக்கியிருக்கலாம், எங்காவது சிங்களம் பேசிக்கொண்டு வளர்ந்திருக்கலாம். என் மனதில் அவள் பெரியபிள்ளையானாள், சாறி கட்டினாள், இப்போது முப்பதை நெருங்குகிறாள். சில மத்தியானங்களில் கிணற்றடியில் வாளி தானாக இறங்குகிற சத்தம் கேட்கும். எட்டிப் பார்த்தால் கயிறு அசையாமல் தொங்கும். நான் பயப்படுவதில்லை. அவள் கால் கழுவிவிட்டு உள்ளே வரட்டும் என்று விட்டுவிடுவேன்.

என் கணவர் பள்ளிக்கூடத்தில் இந்து நாகரிகம் படிப்பித்தவர். ஊரில் எல்லாருக்கும் 'சேர்'. சைவ சித்தாந்தத்தில் அவரோடு வாதாடக் கல்முனையிலிருந்து தம்பிலுவில் வரைக்கும் ஆள் இல்லை என்பார்கள். அவர் அதை மறுத்து நான் கேட்டதில்லை. செத்த வீடுகளில் அவரைக் கதிரை போட்டு இருத்திப் பேசச் சொல்லுவார்கள். பேசி முடிக்கும்போது அழுதுகொண்டிருந்தவர்கள் தேத்தண்ணி குடிக்கிற அளவுக்குத் தெளிந்துவிடுவார்கள். ஊருக்கெல்லாம் பலித்த மருந்தை அவர் வீட்டிலும் பரீட்சித்துப் பார்த்தார்.

"ஆன்மாவுக்கு அழிவில்ல புள்ள. அவ வேற ஒடம்பு எடுத்திருப்பா."

"அப்ப எந்த வீட்டில எண்டு சொல்லுங்க. போய்ப் பாத்திட்டு வாறன்."

உடல் கிடைக்காதவர்களுக்குத் தர்ப்பையால் ஓர் உருவம் செய்து, அதற்குக் கிரியை செய்து எரிக்கலாம் என்று இன்னொரு நாள் மெல்லச் சொன்னார். அந்தப் புல்லோடு சேர்த்து என்னையும் எரியுங்கள் என்றேன். அதற்குப் பிறகு அந்தக் கதை எங்கள் வீட்டில் எழவில்லை.

சாய்ந்தமருதிலிருந்து மீன் கொண்டு வருகிற முஸ்லிம் நானாவின் மனைவியையும் அதே கடல்தான் கொண்டுபோனது. ஒருநாள் பாரைமீனை வெட்டிக்கொண்டே சொன்னார்: "எண்ட பொஞ்சாதிக்கு மையவாடி இரிக்கி தங்கச்சி. வெள்ளிக்கிழமையில போய் ஸலாம் சொல்லிட்டு வாறன். ஒங்களுக்குப் போறத்துக்கு ஒரு எடம் இல்லியே." அவர் என்மேல் உள்ள இரக்கத்தில் சொன்னார். எனக்கு உச்சிவரை கோபம் ஏறியது. உயிரோடு இருக்கிற என் பிள்ளைக்கு எதற்கு மண்குழி? விலை பேசாமல் மீனை வாங்கிக்கொண்டு படலையைச் சாத்தினேன்.

போன வருஷம் கோயில் நிர்வாகத்தில் புதுப் பேச்சு எழுந்தது. கதவை வருஷம் முழுக்கத் திறக்க வேண்டும், ஐயரைக் கொண்டுவந்து ஆகமப்படி நித்திய பூசை வைக்க வேண்டும், இந்த ஆட்டமும் கட்டும் படித்த சனத்துக்கு அழகில்லை என்றார்கள். சடங்கு முடிந்ததும் கூட்டம். அதில் எடுத்துச் சொல்ல என் கணவரைப் பிடித்தார்கள். அவரும் தலையாட்டிவிட்டு, ராவும் பகலும் குறிப்பெடுத்தார்.

"அம்மன் மனிசரில ஏறிக் கதைக்கிறதுக்கு ஆகமத்தில ஆதாரம் இல்ல," என்றார்.

"அம்மன் உங்கட ஆகமத்த இன்னும் வாசிக்கல்லப்போல," என்றேன்.

சிரித்தார். அவரிடம் உள்ள நல்ல குணம் அது, தன்னைப் பற்றிய பகிடிக்கும் சிரிப்பார்.

கடைசி நாள் குளிர்த்தி. கோபத்தில் எரிந்து வந்த அம்மனின் சூட்டைத் தண்ணீரும் வேப்பிலையும் கொண்டு தணிக்கிற சடங்கு. பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. பாட்டு முடிந்து, குளிர்த்தித் தண்ணீரைச் செம்பில் வாங்கிக்கொண்டு பெண்கள் பக்கம் ஒதுங்கி நின்றேன். உடுக்கும் பறையும் காதைப் பிளந்தன. ஆடுகிறவர் தணிந்து மணலில் நின்றார், பறையும் அடங்கியது, சனம் ஒவ்வொருவராகப் போனது. இனி இந்தக் கட்டு இருக்காது என்ற கதை பரவியிருந்ததால் அன்று நல்ல கூட்டம்.

நிர்வாகத்தாரோடு கதிரையில் இருந்த என் கணவர் எழுந்தார். சால்வையை இடுப்பில் கட்டினார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றி எங்கே வைப்பதென்று தெரியாமல் பக்கத்தில் நின்றவர் கையில் கொடுத்தார். சேர் ஆட்டத்தை நிறுத்தத்தான் போகிறார் என்று நினைத்துச் சனம் வழிவிட்டது. நானும் அப்படித்தான் நினைத்தேன். ஆடுகிறவருக்கு முன்னால் போய் நின்று கை கூப்பினார்.

"தாயே, என்ட புள்ள எங்க?"

அவருடைய அந்தக் குரலை நான் அதுவரை கேட்டதில்லை. மேடைக் குரல் இல்லை, வீட்டுக் குரலும் இல்லை. எதற்கும் ஆதாரம் கேட்கிற மனிதர், ஆதாரம் ஒன்றும் கேட்காமல் அங்கே நின்றார்.

"கேக்காதீங்க! ஐயோ, அவரக் கேக்க விடாதீங்க!" என்று கத்திக்கொண்டு சனத்துக்குள் இடித்துப் போனேன். செம்பு எங்கே விழுந்ததோ தெரியாது. மறுபடி எழும்பிய பறைச் சத்தத்தில் ஒருவருக்கும் நான் கத்தியது விளங்கவில்லை, எனக்கும் அம்மன் உரு வந்துவிட்டது என்று யாரோ என் இடுப்பைச் சுற்றிப் பிடித்தார்கள். ஆடுகிறவர் என் கணவரின் கழுத்தை வளைத்துத் தன் பக்கம் இழுத்து, காதோடு வாயை வைத்தார்.

நான் இரண்டு காதையும் பொத்தினேன். உதடு அசைவதும் தெரியக் கூடாதென்று கண்ணையும் மூடினேன். அம்மனை இவ்வளவு நம்புகிற நான், அவள் வாய் திறக்கக் கூடாது என்று அவளிடமே மன்றாடினேன். கண்ணைத் திறந்தபோது அவர் மணலில் குந்தியிருந்தார். தலையில் ஊற்றிய தண்ணீர் கன்னத்தால் வழிந்துகொண்டிருந்தது.

நம்பாதவர் போய்க் கேட்டுவிட்டார். ஆடுகிற அந்த மனிதரை வெறும் வயல்காரராக மட்டும் நினைக்க முடிந்திருந்தால் நானும் வருஷா வருஷம் கேட்டிருப்பேன், சொன்னதைக் காற்றில் விட்டிருப்பேன். பக்தி பெரிதா படிப்புப் பெரிதா என்று என் கணவருடைய மாணவர்கள் பட்டிமன்றம் வைத்திருக்கிறார்கள். அவர்களில் ஒருவரும் என்னிடம் வந்து கேட்கவில்லை.

நிர்வாகக் கூட்டத்துக்கு அவர் போகவில்லை. சுகமில்லை என்று சொல்லியனுப்பினார். செத்த வீடுகளுக்கு இப்போதும் போகிறார். ஒரு மூலையில் இருந்துவிட்டு ஒன்றும் பேசாமல் வருகிறார். ஒரு விடியல் தேத்தண்ணியைக் கையில் வாங்கிக்கொண்டு, "சொல்லட்டா?" என்று கேட்டார். "வேணாம்," என்றேன். அன்றிலிருந்து, அம்மன் சொன்னது அதில் தெரிந்துவிடுமென்று, அவர் முகத்தை நேரே பார்க்காமல் குடும்பம் நடத்தப் பழகினேன். கறி ருசியா என்று கேட்டாலும் சோற்றுக் கோப்பையைப் பார்த்துத்தான் கேட்பேன்.

எனக்கு ஒரு பழக்கம் இருந்தது. கல்முனை பஸ் நிலையத்தில் என் மகள் வயதுப் பெண் யாரையாவது கண்டால் அவர் கையைச் சுரண்டுவேன். எவ்வளவு சாத்திரம் படித்தவர் என்றாலும் ஒவ்வொரு முறையும் திரும்பிப் பார்ப்பார். நன்றாக, நிறைய நேரம் பார்த்துவிட்டு, "அவ இல்ல புள்ள," என்பார். இத்தனை வருஷத்தில் ஒரு தரம்கூடப் பார்க்காமல் சொன்னதில்லை.

போன மாதம் மருந்தெடுத்துவிட்டு பஸ்ஸுக்கு நின்றோம். அக்கரைப்பற்று பஸ்ஸிலிருந்து ஒருத்தி இறங்கினாள். என் தங்கையின் நெற்றி, என் தங்கையின் நடை. நான் அவர் கையைச் சுரண்டினேன். அவர் திரும்பவில்லை. இன்னொரு தரம் சுரண்டினேன். என் விரல்களைச் சேர்த்துப் பிடித்துக்கொண்டு, எதிரே இருந்த சுவரையே பார்த்துக்கொண்டு நின்றார்.

நான் அவர் முகத்தைப் பார்த்துவிட்டேன்.