பல்செட்காரரின் அஞ்சாளை

செவ்வாய்க்கிழமை மாலை ஏழு மணிக்குப் பல்செட்காரர் வீட்டுக்குள் கால் வைத்தபோது, அவருடைய மைத்துனன் கூடத்து மீன்தொட்டிக்குள் முழங்கை வரை கையை விட்டுக்கொண்டு நின்றான். அவன் மணிக்கட்டின் மேல் அஞ்சாளை, அவர் வளர்க்கும் கடல் விலாங்கு, சாவகாசமாகப் படுத்திருந்தது.

ஒரு செருப்பைக் கழற்றியாயிற்று. மற்றது காலிலேயே இருந்தது.

"அத்தான், மெதுவா வாங்க, மெதுவா! முழுசா வெளிய வந்துட்டான். நீங்களே இவனை இப்படிப் பார்த்திருக்க மாட்டீங்க!"

பார்த்ததில்லைதான். மூன்று வருடங்களாக அவர் பார்த்ததெல்லாம் பாறை இடுக்கிலிருந்து நீளும் தலை, கழுத்து, கொஞ்சம் முதுகு, அவ்வளவே. கடையில் வாங்கிய அன்றுகூட அது ஒரு குழாய்த் துண்டுக்குள் சுருண்டபடியேதான் பைக்குள் ஏறியது. வால் என்று ஒன்று இருக்கிறது என்பதை அவர் ஒரு நம்பிக்கையில்தான் ஏற்றுக்கொண்டிருந்தார். இப்போது தலையிலிருந்து வால் நுனி வரை, ஒரு சாணுக்குச் சற்றே கூடுதலான நீளத்தில், எலுமிச்சை மஞ்சளாக, அந்தப் பயல் கையில் கிடக்கிறது. வந்து பன்னிரண்டு நாள்கூட ஆகாத பயல்.

"நல்லா இருக்கு மாப்ளே," என்றார். வயிறு பற்றி எரிந்தது.

தெருவில் எல்லோரும் அவரைப் பல்செட்காரர் என்றுதான் சொல்வார்கள். டாக்டர் வாயில் அச்செடுத்து அனுப்புவார். அந்த அச்சில் பிளாஸ்டர் ஊற்றித் தாடை செய்து, மெழுகில் ஒவ்வொரு பல்லாக நட்டு, கடைசியில் ரோஜா நிற ஈறு வைத்துத் தேய்த்துப் பளபளப்பாக்கித் திருப்பி அனுப்புவது அவர் வேலை. மூன்றாவது மாடியில் ஓர் அறை, நாலு பேர், இருபத்து மூன்று வருடம். அவர் தலைக்கு மேலே அலமாரியில் ஊரில் பாதிப் பேரின் தாடைகள் வரிசையாக இருக்கும். எந்தத் தாடைக்கு எந்த முகம் என்று அவருக்குத் தெரியாது. பல் பொருந்தினால் நன்றி டாக்டருக்குப் போகும். பொருந்தாவிட்டால் மட்டும் போன் இவருக்கு வரும். டாக்டர்கள் மேல் அவருக்குப் பொறாமை உண்டு. மின்விசிறிக்கு நேர் கீழே உட்காரும் சக ஊழியர் மேலும் உண்டு. சத்தம் போடாமல் பொறாமைப்படுவதில் அவருக்கு ஒரு தேர்ச்சியே வந்திருந்தது.

அஞ்சாளையைப் பிடித்துப் போனதும் தொழில் காரணமாகத்தான். ஒரு நாள் மழைக்கு அக்வேரியம் கடையில் ஒதுங்கினார். ஓர் ஓரத் தொட்டியில் விரல் தடிமனில் மஞ்சளாக ஒன்று, கல் இடுக்கில் தலையை நீட்டி வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தது.

"கோவமா?" என்று கேட்டார்.

"மூச்சு விடுது சார்," என்றார் கடைக்காரர். "கடல் விலாங்குல குள்ள ஜாதி. இதுக்குத் தொண்டைக்குள்ள இன்னொரு தாடை இருக்கு. வெளித் தாடை கவ்விப் பிடிக்கும், உள்தாடை முன்னால வந்து இழுத்துக்கும்."

"ரெண்டு செட்டா!"

மழை விட்டும் அவர் கிளம்பவில்லை. நாலடித் தொட்டி, உப்புநீர், பாறை, பவளம், கூட நாலைந்து மீன் என்று எல்லாம் தேறி நிலைப்பட எட்டு மாதம் ஆனது. மூடியை வாங்கவில்லை. பென்சில் நுழையும் சந்து இருந்தால் போதும், அஞ்சாளை ஏறி வெளியே விழுந்து தரையில் காய்ந்துவிடும் என்று கடைக்காரர் சொல்லியிருந்தார். எனவே பல்செட்டுக்கான அதே ரோஜா நிறப் பொருளில், குழாய் போகும் இடத்துக்கெல்லாம் வளைவு வளைவாக ஒரு மூடியைத் தானே வார்த்தார். பள்ளிக்கூட அலுவலகத்தில் வேலை பார்க்கும் அவர் மனைவி அதைத் தட்டிப் பார்த்துவிட்டு, "சிரிச்சா ஈறு தெரியுது," என்றாள். அஞ்சாளைக்கு ரிப்பன் என்று பெயர் வைத்ததும் அவள்தான்.

புதன், ஞாயிறு. வாரத்துக்கு இரண்டே வேளை. நீளமான இடுக்கியில் இறால் துண்டு. ரிப்பன் தலையை நீட்டும், கவ்வும், உள்ளே போய்விடும். அது போதும் என்றுதான் இருந்தார், மைத்துனன் வரும் வரை.

மைத்துனன் டிரைவிங் ஸ்கூலில் மாஸ்டர். இந்தப் பக்கம் புதுக் கிளை திறந்து அவனை அனுப்பியிருந்தார்கள். பார்த்து வைத்த வாடகை வீட்டில் தரைக்கு டைல்ஸ் ஒட்டிக்கொண்டிருந்ததால் அக்கா வீட்டுக் கூடத்தில் கட்டிலைப் போட்டான். வந்த மூன்றாம் நாளே காவலாளி அவனுக்கு வணக்கம் வைத்தார். பல்செட்காரருக்குப் பதினோரு வருடத்தில் ஒரு தலையசைப்புதான் கிடைத்திருக்கிறது. மாடிப்படியில் பார்க்கும் பெண்மணி, "உங்க மச்சான் ரொம்ப கலகலப்பு," என்று அவரிடமே சொன்னாள். மனைவி சமையலறையில் விழுந்து விழுந்து சிரிக்கும் சத்தம் கேட்கும். எட்டிப் பார்த்தால் இவன் கதை சொல்லிக்கொண்டிருப்பான். இதையெல்லாம் அவர் பொறுத்துக்கொண்டார். ஆனால் தொட்டி அவருடையது.

"எப்படி மாப்ளே பழக்கின?" என்று அந்தச் செவ்வாய் இரவு சாப்பிடும்போது சாதாரணமாகக் கேட்பதுபோலக் கேட்டார்.

"நான் ஒண்ணும் பண்ணலையே அத்தான். கையை உள்ள வச்சுட்டு சும்மா நின்னேன். நாள் பூரா அதான வேலை? பக்கத்துல ஒருத்தன் லாரிக்கு அடியில வண்டியை விடப் பார்ப்பான், நான் அசையாம உக்கார்ந்திருக்கணும். நான் பதறினா அவன் இன்னும் பதறுவான்."

"கடிச்சா தெரியும். பல்லு ஒவ்வொண்ணும் ஊசி."

"கடிச்சா நீங்க எனக்கொரு விரல் செஞ்சு குடுங்க!"

மனைவி புரையேறும் அளவுக்குச் சிரித்தாள்.

அசையாமல் நிற்பதுதான் காரணம் என்பதைப் பல்செட்காரர் ஒப்புக்கொள்ளவில்லை. வாசனைதான் காரணம் என்று முடிவு கட்டினார். அஞ்சாளைக்குக் கண் மங்கல், மோப்பம் கூர்மை. தன் கையில் இருபத்து மூன்று வருடத்து பிளாஸ்டிக் நெடி ஊறியிருக்கிறது. குற்றம் தொழிலின்மேல், தன்மேல் இல்லை. மறுநாள் கையை ஆறு முறை வெந்நீரில் கழுவிவிட்டுத் தொட்டிக்குள் விட்டார். விட்ட கை சும்மா இருக்கவில்லை. ஒரு பவளம் சாய்ந்திருந்தது, நிமிர்த்தினார். ஒரு கல் நகர்ந்திருந்தது, சரி செய்தார். ரிப்பன் மூக்கை நீட்டி மோந்தது, உள்ளே போயிற்று. அரை மணி கழித்து மைத்துனன் கை விட்டதும் வெளியே வந்தது.

"வா மாப்ளே, வா வா," என்று அவன் அதைக் கொஞ்சினான்.

இந்த வீட்டில் மாப்ளே என்று கூப்பிடப்படுவது அவன். கூப்பிடுவது இவர். இப்போது அவனும் ஒருவனைக் கூப்பிடுகிறான், இவருடையதை! வெள்ளிக்கிழமை காலை பல்செட்காரர் ஒரு யோசனையோடு எழுந்தார்.

மைத்துனன் ஆறு மணிக்குக் குளிக்கப் போவான். இருபது நிமிடம் பாட்டு. மனைவி அடுப்படியில் இருப்பாள். அந்த இருபது நிமிடத்தில் பல்செட்காரர் இடுக்கியை எடுத்து, கணவாய்மீன் துண்டு ஒன்று, இரண்டு, மூன்று என்று கொடுத்தார். வயிறு நிறைந்த அஞ்சாளை வெளியே எதற்கு வரப்போகிறது?

அன்று மாலை மைத்துனன் கால் மணி நேரம் கையை விட்டுக்கொண்டு நின்றான். ரிப்பன் தலையைக்கூட நீட்டவில்லை.

"மூட் இல்ல போல மாப்ளே," என்றார் பல்செட்காரர். அன்று அவர் இரண்டாம் முறை சோறு கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.

சனி, ஞாயிறு, திங்கள் என்று இது தொடர்ந்தது. மைத்துனனின் முகம் நாளுக்கு நாள் சுருங்கியது. வேலையிடத்தில் அவர் மெழுகுப் பல்லை நடும்போது விசிலடித்தார், மின்விசிறிக்காரர் திரும்பிப் பார்த்தார். எட்டாவது நாள் காலை ரிப்பன் துண்டை வாங்கிக்கொண்டு உடனே கக்கியது. அதற்குள் தண்ணீர் லேசாகக் கலங்கியிருந்தது. இரண்டு பவளங்கள் விரியாமல் மூடிக் கிடந்தன. மாலையில் பார்த்தால் அஞ்சாளை இடுக்கின் கடைசியில் ஒதுங்கி, வாயை வேக வேகமாகத் திறந்து மூடிக்கொண்டிருந்தது. அது மூச்சு என்று அவருக்குத் தெரியும். அவ்வளவு வேகம் ஆகாது என்பதும் தெரியும்.

"என்னாலதான் அத்தான்," என்றான் மைத்துனன். "வண்டியில ஸ்டியரிங் துடைக்க ஒரு திரவம் வச்சிருக்கேன். கழுவிட்டுத்தான் விட்டேன், ஆனா சரியாப் போயிருக்காது. நான்தான் விஷத்தை உள்ள விட்டிருக்கேன்."

"நான் அன்னைக்கே சொல்லலாம்னு நெனச்சேன், கை விடாதடான்னு," என்று அக்கா அவனைப் பிடித்துக்கொண்டாள். "மூணு வருஷமா அவர் இடுக்கியிலதான் குடுத்தாரு. உனக்கு எதுக்குடா இந்த வேலை? எதுலயும் கையை விட்டுப் பார்த்தே ஆகணும்!"

மனைவி தனக்காகத் தம்பியைத் திட்டிக் கேட்டு எத்தனை நாளாயிற்று! பல்செட்காரருக்கு ஒரு கணம் இனித்தது என்பதை மறைப்பதற்கில்லை. பிறகு ரிப்பனைப் பார்த்தார். இனிப்பு போய்விட்டது.

மைத்துனன் அக்வேரியம் கடைக்காரருக்குப் போன் போட்டு, எல்லோரும் கேட்கும்படி ஒலியைக் கூட்டி மேசைமேல் வைத்தான். தன் குற்றத்தை வரிசையாகச் சொன்னான். கடைக்காரர் பொறுமையாகக் கேட்டார்.

"துடைக்கிற திரவம்னா எல்லா மீனும் படுத்திருக்குமே. மத்த மீனெல்லாம்?"

"நல்லா சுத்துது."

"அப்ப சாப்பாட்டைச் சொல்லுங்க. வாரத்துக்கு எத்தனை தடவை?"

"ரெண்டு. புதன், ஞாயிறு. அத்தான் அதுல கரெக்ட்டு. சொல்லுங்க அத்தான், ரெண்டுதானே?"

பல்செட்காரர் தலையை ஆட்டினார். போனுக்குத் தலையாட்டல் தெரியாது. மைத்துனன்தான், "ஆமாங்கிறாரு," என்றான்.

"அப்ப நோய்தான். அதைப் பிடிச்சுத் தனி வாளியில போட்டு மருந்து விடணும். செதில் இல்லாத ஜாதி, மருந்து தாங்கறது பாதிக்குப் பாதி. வேற வழி இல்ல. வலை இருக்கா?"

"எடுத்துட்டு வர்றேன்," என்று மைத்துனன் பால்கனிக்கு ஓடினான். பாறைகளைப் பிரிக்க வேண்டும். மூன்று வருடம் கட்டிய அடுக்கு. அதுகூடப் பரவாயில்லை. நோயே இல்லாத உடம்பில் மருந்து ஏறும். பாதிக்குப் பாதி.

"இருங்க," என்றார் பல்செட்காரர் போனைப் பார்த்து. "எட்டு நாளா தினமும் குடுத்தேன். காலையில. மூணு நாலு துண்டு."



"தினமுமா?" என்றார் கடைக்காரர். "சார், நீங்களா? அது ஒரு வாரம் பட்டினி கிடந்தாலே கவலைப்பட வேண்டாம்னு எனக்கே சொல்ற ஆளு நீங்க. மருந்து கிருந்து வேண்டாம். மூணுல ஒரு பங்கு தண்ணியை மாத்துங்க, ரெண்டு நாள் விட்டு இன்னொரு தடவை மாத்துங்க. பத்து நாளைக்குத் தொட்டிப் பக்கம் இடுக்கி வரக்கூடாது." போன் அணைந்தது.

"ஏங்க?" என்றாள் மனைவி. கோபம் இல்லை. நிஜமாகவே விளங்காமல் கேட்டாள்.

வலையோடு பால்கனி வாசலில் நின்ற மைத்துனனை அவர் பார்க்கவில்லை. தரையைப் பார்த்துச் சொன்னார். "இவன் கைக்கு வரக் கூடாதுன்னு."

அவன் சிரிப்பான் என்று எதிர்பார்த்தார். சிரித்திருந்தால் கோபித்துக்கொள்ளவாவது வழி இருந்திருக்கும். அவன் வலையை ஓரமாகச் சாய்த்து வைத்தான். "உப்பு கலக்கற பெரிய வாளி எங்க இருக்கு அத்தான்?" என்று மட்டும் கேட்டான். இரண்டு பேருமாகத் தண்ணீரை இறைத்தார்கள். குழாய் பிடி, நிறுத்து, ஊற்று என்பது தவிர வேறு பேச்சு இல்லை. மனைவி நாற்காலியில் உட்கார்ந்து முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். தோள் குலுங்கியதைப் பார்த்து அழுகிறாள் என்று அவர் பயந்தார். அவள் சிரித்துக்கொண்டிருந்தாள். "ஐம்பத்தோரு வயசு," என்றாள் மூச்சு வாங்க, "ஐம்பத்தோரு வயசு!"

நான்காம் நாள் பவளங்கள் விரிந்தன. வாயின் வேகமும் குறைந்தது. பதினோராம் நாள் பல்செட்காரர் ஒரு சின்ன இறால் துண்டை இடுக்கியில் நீட்டினார். ரிப்பன் இடுக்கியைக் கண்டதும் பின்வாங்கியது. மறுநாளும் அப்படியே. மூன்றாம் நாள் அது தலையை வேறு பக்கம் திருப்பிக்கொண்டது. தன் கையையே விட்டுப் பார்த்தார். ஒரு நிமிடம் அசையாமல் வைத்திருக்க முடிந்தது. அதற்குமேல் விரல் தானாக எதையோ திருத்தப் போயிற்று. மஞ்சள் கழுத்து மெலிந்துவிட்டிருந்தது.

மைத்துனன் தொட்டிப் பக்கமே வருவதில்லை. அந்தச் சனிக்கிழமை அவனுடைய வீட்டில் டைல்ஸ் வேலை முடிந்துவிட்டதாகத் தகவல் வந்தது. கட்டிலை மடித்து, பெட்டியைப் பூட்டிக்கொண்டிருந்தான். பல்செட்காரர் கூடத்துக்கும் சமையலறைக்கும் நாலு நடை நடந்தார். கடைவாய்ப் பல்லைக் குறடு போட்டுப் பிடுங்கினாற்போல வார்த்தை வெளியே வந்தது.

"மாப்ளே, இன்னும் ஒரு வாரம் இரு."

"அக்கா சொல்லச் சொல்லிச்சா?"

"அவ ஒண்ணும் சொல்லல. இடுக்கியில வாங்க மாட்டேங்குது. என் கைக்கும் வராது. நீ குடுத்துப் பாரு."

மைத்துனன் பெட்டியின் மேலேயே உட்கார்ந்தான். "வந்துச்சுன்னா உங்களுக்கு எரியுமே அத்தான்."

"எரியும்," என்றார். "நீ குடு."

சட்டைக் கையைச் சுருட்டி, முழங்கை வரை கழுவி, கழுவினதை மறுபடி கழுவி, அவன் கையை உள்ளே விட்டான். விரல் நுனியில் இறால் துண்டு. பல்செட்காரர் மூன்றடி தள்ளி நின்றார். மனைவி கரண்டியோடு வந்து அவர் பக்கத்தில் நின்றாள். ஐந்து நிமிடம் ஆயிற்று, ஆறாயிற்று. அவன் கை கல் மாதிரி இருந்தது. அதைப் பார்க்கப் பார்க்க அவருக்குப் பற்றிக்கொண்டு வந்தது. எப்படி முடிகிறது இந்தப் பயலால்!

இடுக்கிலிருந்து மூக்கு வந்தது. கழுத்து வந்தது. பிறகு அவசரமே இல்லாமல் மீதி உடம்பும் வந்தது. அவன் உள்ளங்கையில் ஏறி, துண்டை ஒரு கவ்வு கவ்வி, தொண்டை அசைய விழுங்கிற்று.

"சாப்பிட்டுடுச்சு," என்றார் பல்செட்காரர். கண் கலங்கியதா, வயிறு எரிந்ததா என்று அவருக்கே பிடிபடவில்லை. இரண்டும்தான். தொட்டிக்குச் சொந்தக்காரர் யார் என்பது தெரியும்படி தொண்டையைச் செருமிக்கொண்டார். "போதும் மாப்ளே. ஒரு துண்டுக்கு மேல குடுக்காத. வயித்துக்கு ஆகாது."

மனைவி மெதுவாக அவர் பக்கம் திரும்பினாள். "சொல்றது யாரு பாரு," என்றாள்.