மாளிகை வாசலில் கழற்றிய சப்பாத்து

2009 ஜூலை மாதம், ஒரு வெள்ளிக்கிழமை காலை எட்டு மணிக்கு லண்டன் அப்டன் பார்க்கிலிருந்து புறப்பட்டோம். நான் அங்கே ஒரு கடையில் மீன் வெட்டுகிறேன். வெள்ளிக்கிழமை எங்கள் ஆட்கள் மீன் வாங்குவது குறைவு. அதனால் லீவு கிடைத்தது. கோட்டைகள் பார்க்கப் போகிறேன் என்று முதலாளியிடம் சொன்னேன். அது பாதி உண்மை.

மறுபாதி ஃபாரஸ்ட் கேட்டில் காரில் ஏறியது. பெயர் வதனி, வயது நாற்பத்தொன்று. பாரிசில் பல வருடம் தையல் வேலை செய்துவிட்டு லண்டனுக்கு வந்தவர், என் அக்காவின் சிநேகிதி. எனக்கு நாற்பத்தேழு. கோயிலில் வைத்துப் பெண் பார்த்தால் எல்லோரும் பார்ப்பார்கள் என்று அக்கா கோட்டையைத் தெரிந்தெடுத்திருந்தார். இதற்கு முன் இரண்டு வீடுகளில் வாய் திறக்காமல் தேநீரை மட்டும் குடித்துவிட்டு வந்தவன் நான். புறப்படும்போதே அக்கா சொல்லிவிட்டார்:

"தம்பி, இண்டைக்கு நீ அவவோட நாலு கதை கதைக்காட்டி, இனி நான் ஒருத்தரையும் பார்க்கமாட்டன்."

காரை அத்தான் ஓட்டினார். பக்கத்தில் அக்கா. பின்னால் நானும் வதனியும், நடுவில் இடியப்பப் பெட்டி. அக்கா அதற்கும் சீட் பெல்ட் போட்டிருந்தார்.

வூல்விச்சில் காரோடு படகில் ஏறித் தேம்ஸைக் கடந்தோம். கட்டணம் இல்லை. ஒன்பதரைக்கு அபி வூட்டில் லெஸ்னஸ் என்ற பழைய துறவிமடம். அத்தான் புல்வெளியில் நின்றுகொண்டு மடம் எங்கே என்று தேடினார்.

"இதுக்குள்ளதானே நிக்கிறம்," என்றார் அக்கா.

சுற்றிலும் இடிந்த மதில்கள் மட்டும். அத்தான் கூரை போடும் வேலை செய்பவர். கூரையில்லாத ஒன்றைக் காட்டக் கூட்டிவந்துவிட்டார்கள் என்று அவருக்கு மனத்தாங்கல்.

அங்கிருந்து இருபது மைல் அளவில் ரொச்செஸ்டர். பதினொரு மணி. கோட்டைக்குள் போகத் தலைக்கு ஐந்து பவுண். வெளியே நூறடிக்கு மேல் நிமிர்ந்து நிற்கிறது, உள்ளே போனால் வெறும் கூடு. இங்கேயும் கூரையில்லை. அத்தான் அண்ணாந்து பார்த்து, எத்தனை ஆள், எத்தனை கிழமை வேலை என்று கணக்குப் போட்டார். நாங்கள் சுழல் படியில் ஏறினோம். உச்சியிலிருந்து மெட்வே ஆறு தெரிந்தது. நல்ல காற்று, கதைக்கத் தோதான இடம். 'ஆறு வடிவாயிருக்கு' என்று சொல்லலாமா என்று யோசித்தேன். ஆறு அவருக்கும் தெரிகிறதே. சொல்லாமல் இறங்கினேன்.

கீழே புல்லில் இருந்து சாப்பிட்டோம். அக்கா கண்ணைக் காட்ட, நான் சம்பலை வதனி பக்கம் தள்ளினேன். அதை நாலு கதையில் சேர்க்க ஏலாது என்று அக்காவின் முகம் சொன்னது.

இரண்டரை மணிக்கு செவனோக்ஸ் பக்கத்தில் ஒரு மாளிகை. கூரையைக் கண்ட அத்தான், நான் பலகையை வாசித்து முடிக்குமுன் உள்ளே போய்விட்டார். வாசலில் கம்பளம், மினுக்கிய மரத்தரை, சுவரில் அந்தக் குடும்பத்து ஆட்களின் படங்கள். நான் சப்பாத்தைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டுப் போனேன். மூன்றாவது அறையில்தான் கவனித்தேன், எல்லோர் காலிலும் சப்பாத்து. என் இடது காலுறையிலிருந்து பெருவிரல் வெளியே எட்டிப் பார்த்தது. அறையைப் பார்த்துக்கொள்ள நின்ற வெள்ளைக்கார அம்மா, மரியாதைக்காக என் தலைக்கு மேலே பார்த்தார்.

விரலை மடக்கிக்கொண்டு அடுத்த அறைக்கு நடந்தேன். கயிறு கட்டி மறித்த பெரிய கட்டிலருகே வதனி நின்றார். அவரும் வெறுங்காலோடு.

"வீடெண்டு சொன்னாங்கள்," என்றார். "அதுதான் கழட்டிப்போட்டு வந்திட்டன்."

"நானும்," என்றேன்.

அவர் குனிந்து என் விரலைப் பார்த்தார். "ஊசி இருந்தா இதிலயே தைச்சுத் தருவன்."

எனக்குச் சிரிப்பு வந்தது. அவர் கட்டில் விரிப்பின் தையலைப் பார்த்துக்கொண்டு நிற்க, நான் தனியே வாசலுக்கு வந்தேன். சப்பாத்தைக் காணவில்லை. அந்த அம்மா பின்னாலேயே வந்து, ஆட்கள் இருப்பதற்குப் போட்டிருந்த ஒரு வாங்கின் அடியிலிருந்து எடுத்துத் தந்தார். யாரும் தடுக்கி விழாமல் ஒதுக்கி வைத்தாராம். என் சப்பாத்தும் வதனியின் செருப்பும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன. உங்கள் மனைவியுடையது என்று செருப்பையும் என் கையில் தந்தார். நான் நன்றி சொல்லி வாங்கிக்கொண்டேன்.

வெளிப்படியில் காத்திருந்தேன். வதனி வந்ததும் செருப்பைக் கொடுத்தேன். பிறகு எப்படித்தான் வாய் திறந்ததோ:

"அந்த அம்மா உங்களை என்ர மனிசியெண்டு நினைச்சிட்டா. நான் இல்லையெண்டு சொல்லேல்லை."

அவர் படியில் குந்திச் செருப்பு வாரைப் பூட்டினார்.

"இங்கிலீசில சொல்லத் தெரியாமலோ?"

"இல்லை. அது தெரியும்."

மற்றக் காலின் வாரைப் பூட்ட அவருக்குக் கனநேரம் எடுத்தது.

திரும்பும்போது டார்ட்ஃபோர்ட் சுரங்கத்துக்கு ஒன்றரைப் பவுண் கட்டினோம். நடுவில் இருந்த இடியப்பப் பெட்டி டிக்கிக்குப் போயிருந்தது. எந்த இடம் நல்லது என்று அத்தான் கேட்டார். கடைசி வீடு என்றார் வதனி.

"ஓம், கூரை நல்ல வேலை," என்றார் அத்தான்.

மாளிகை பார்த்துவிட்டு வந்தால் என் அறை இன்னும் சின்னதாகத் தெரியும் என்றுதான் நினைத்தேன். வழக்கமாகச் சப்பாத்தை அறை வாசலின் நடுவில் கழற்றுவேன். அன்றிரவு சுவரோரமாகத் தள்ளி வைத்துப் பார்த்தேன். பக்கத்தில் இன்னொரு சோடிக்கு இடம் இருந்தது.