எந்தக் குரல் அவருடையது

மேடையின் பக்கத் திரைக்குப் பின்னால், அடுத்த காட்சிக்கான சாம்பல் நிறச் சால்வையை விரித்துப் பிடித்தபடி நான் நின்றிருந்தேன். வெளிச்சத்தில், தாய் வேடத்தில் அக்கா இருந்தார். மூன்று மகன்கள் தாயின் கண்முன்னே வீட்டைப் பங்கு போடும் காட்சி அது. அவர்கள் பேசி முடித்ததும் தாய் எழுந்து நீளமாகப் பேசவேண்டும். அக்கா எழுந்தார், வாயைத் திறந்தார், எதுவும் வரவில்லை. மறந்த வசனத்தை எடுத்துக் கொடுப்பதற்கென்று முன்வரிசை ஓரத்தில் இருக்கும் பெண் முதற் சொல்லைக் கிசுகிசுத்தாள். அக்கா அந்தப் பக்கம் திரும்பவே இல்லை. பிறகு பேசத் தொடங்கினார். ஜெர்மன் மொழியான டொச்சில் அல்ல, தம் தாய்மொழியான போர்த்துக்கீசத்தில். மகன்களாக நடித்த மூவரும் உண்மையாகவே திகைத்துப் போனார்கள். அந்தத் திகைப்பு காட்சிக்கு நன்றாகப் பொருந்தியது. பேச்சு முடிந்ததும் அரங்கம் கைதட்டியது. நடந்தது தடுமாற்றமா, நடிப்பா என்று எனக்கு அப்போது விளங்கவில்லை. இப்போதும் முழுதாக விளங்கவில்லை.

ஜெர்மனியில், டார்ம்ஸ்டாட்டிலிருந்து சற்றுத் தள்ளியிருக்கும் எங்கள் சிறு நகரத்து நாடக அரங்கில் நடிகைகளுக்கு உடுத்திவிடுவது என் வேலை. கொக்கி மாட்டுவது, பொத்தான் தைப்பது, இருட்டில் இரண்டு நிமிடத்துக்குள் ஒருத்தியை மணப்பெண்ணிலிருந்து விதவையாக்குவது எல்லாம் அதில் அடங்கும். பிரேசில் நாட்டு நடிகையான அவரை அங்கே எல்லோரும் பெயர் சொல்லி அழைத்தார்கள். நான் மட்டும் பழக்கத்தில் ஒருநாள் அக்கா என்றுவிட்டேன். அது என்ன சொல் என்று கேட்டார். சொன்னேன். அதன் பிறகு நான் வேறு எப்படி அழைத்தாலும் அவர் திரும்பிப் பார்ப்பதில்லை.

ஆனால் அவருடைய முகம் எனக்கு அதற்கு வெகுகாலம் முன்பே தெரியும். யாழ்ப்பாணத்திலிருந்து வந்து ஹைம் என்னும் அகதிகள் விடுதியில் இருந்த நாட்களில், பொதுக்கூடத்துத் தொலைக்காட்சியில் பின்னேரங்களில் ஒரு பிரேசில் தொடர் போகும். டொச்சில் குரல் மாற்றியிருப்பார்கள். அதில் ஒரு பொல்லாத மைத்துனி வருவாள். கதாநாயகி சொல்வதைவிட அவள் சொல்வதுதான் எனக்கு விளங்கியது. அவ்வளவு நிறுத்தி, அவ்வளவு தெளிவாக அவள் மிரட்டினாள். "நான் நித்திரையாகும் வரைக்கும் இந்த வீட்டிலே ஒருத்தரும் நித்திரை கொள்ளக்கூடாது." நான் பிழையில்லாமல் சொன்ன முதல் டொச் வசனம் அதுதான். என் கணவர் தலையில் அடித்துக்கொள்வார். "படிக்கிறதுக்கு வேற ஆளே கிடைக்கேல்லை? உந்த ராட்சசியிட்டயோ படிக்கிறாய்?"

பல வருடங்களுக்குப் பிறகு அந்த மைத்துனி எங்கள் உடைமாற்றும் அறைக்குள் நரைத்த தலையோடு வந்து உட்கார்ந்தார். முகத்தைக் கண்டதும் ஆளை அடையாளம் கண்டுவிட்டேன். அவர் வணக்கம் சொன்னதும் குழம்பிப்போனேன். அது அவருடைய குரலே அல்ல. நான் அறிந்த குரல் கத்திபோல் மெலிந்தது. இதுவோ கரகரத்து அடித்தொண்டையிலிருந்து வந்தது. டொச்சும் தட்டுத்தடுமாறியே வந்தது. நான் இத்தனை காலம் மனதில் வைத்திருந்தவள் பாதி இந்தப் பெண், பாதி எங்கோ ஒலிப்பதிவு அறையில் இருந்த யாரோ ஒரு ஜெர்மன்காரி என்பது அப்போதுதான் உறைத்தது. இருந்தாலும் சொன்னேன்.

"உங்களிட்டத்தான் அக்கா நான் டொச் படிச்சனான்."

அவர் நெடுநேரம் சிரித்தார். "அப்ப இனி நீர் எனக்குப் படிப்பியும். எனக்கு இந்த மொழி இன்னும் ஏலாமல் கிடக்கு." நாங்கள் இருவரும் டொச்சில்தான் பேசினோம். என் காதில் அது தமிழாகவே தங்கியிருக்கிறது.

அப்படித்தான் நான் அவருக்கு வசனம் கேட்பவளானேன். முதுகுப்பக்கக் கொக்கிகளை மாட்டிக்கொண்டே எதிர்ப்பாத்திரங்களின் வரிகளை நான் படிப்பேன், அவர் கண்ணாடியைப் பார்த்துப் பதில் சொல்வார். இடையிடையே தம் கதை வரும். பதினேழு வயதிலேயே குரல் கரகரத்திருந்ததால் சாவோ பாவுலோவில் ஒரு சிறு நாடகக் குழு அவருக்குக் கிழவி வேடங்களையே கொடுத்ததாம். முகத்தில் மாவைப் பூசிக்கொண்டு தம் தாயைவிட மூத்தவர்களுக்குத் தாயாக நடித்தார். பிறகு தொலைக்காட்சி அழைத்தது. பொல்லாத மைத்துனி வேடத்துக்குப் பிறகு ரொட்டிக் கடைக்காரி அவருக்குப் பாண் விற்க மறுத்தாளாம். சந்தையில் ஒரு மூதாட்டி குடையால் அடித்தாராம். "அந்த அடிதான் எனக்குக் கிடைச்ச பெரிய பரிசு" என்பார். பின்னர் கதாநாயகியின் எதிரி கதாநாயகியின் தாயானாள், தாய் மாமியாரானாள், மாமியார் கட்டிலில் கிடந்து இருமும் நோயாளியானாள். அந்தச் சமயத்தில் ஒரு நாடகக் குழுவோடு ஜெர்மனிக்கு வந்தவர், இங்கே விளக்குப் பொறுப்பாளர் ஒருவரைக் கலியாணம் செய்து நின்றுவிட்டார். காதலால் நின்றதாக ஒருநாள் சொல்வார். இருமி இருமி அலுத்துப்போய் நின்றதாக இன்னொரு நாள் சொல்வார். இரண்டையும் ஒரே முகத்தோடு சொல்வார்.

மேடையில் போர்த்துக்கீசம் பேசிய அந்த மாலைக்குப் பிறகு உள்ளூர்ப் பத்திரிகை, தாயின் துயரம் தாய்மொழியில் வெடித்தது என்று புகழ்ந்து எழுதியது. இளம் இயக்குநருக்குத் தலைகால் புரியவில்லை. "இனி ஒவ்வொரு முறையும் அப்படியே செய்யுங்கோ" என்றார். அடுத்த முறை அக்கா முழுப் பேச்சையும் சுத்தமான டொச்சில் ஒரு சொல் பிசகாமல் சொல்லிவிட்டு வந்தார். இயக்குநர் கோபப்பட்டார். அதற்கடுத்த முறை மறுபடியும் போர்த்துக்கீசம். அன்று அரங்கின் நடுவிலிருந்து ஒரு பெண் மட்டும் வாய்விட்டுச் சிரித்தாள்.

நாடகம் முடிந்ததும் அவள் உடைமாற்றும் அறை வாசலுக்கு வந்தாள். பிரேசிலிலிருந்து வந்து இங்கே மருத்துவமனையில் தாதியாக இருப்பவளாம். அக்கா இன்னும் முகப்பூச்சைக் கழுவி முடிக்கவில்லை. அதனால் நான்தான் அவளோடு பேசினேன்.

"அவ என்ன கதைச்சவ எண்டு உங்களுக்குத் தெரியுமோ?" என்றாள். "பிள்ளையளைப் பற்றி ஒண்டுமில்லை. பழைய தொடரிலே அந்த மைத்துனி பேசின பேச்சு. எங்கட அம்மாவுக்கு அது மனப்பாடம்." சிரித்துக்கொண்டே சொன்னவளின் கண்கள் கலங்கியிருந்தன.

அவள் சொல்லச் சொல்ல எனக்கும் விளங்கியது. அதே பேச்சை நான் ஹைமில் டொச்சில் மனப்பாடம் செய்திருக்கிறேன். அக்கா அதைத் தம் சொந்தக் குரலில் என் முன்னால் சொல்லியிருக்கிறார். எனக்கு அடையாளம் தெரியவில்லை.

அன்றே கேட்டேன். "அக்கா, வசனம் மறந்து போச்சுதோ?"

"மேடையிலே வசனம் மறந்தால் வேறை ஏதாவது வசனத்தைப் பேசோணும். பேசாமல் நிண்டால்தான் பிடிபடுவம்" என்றார். அது பதிலா என்று எனக்குத் தெரியவில்லை. அடுத்த கிழமை அதையே மறுபடி கேட்டபோது, வேண்டுமென்றுதான் செய்தேன் என்றார். அன்று தம் இடது காலில் வலது சப்பாத்தை மாட்டிக்கொண்டிருந்தார். நான் குனிந்து மாற்றிவிட்டேன். அவர் அதைப் பகிடியாக்கிச் சிரித்தார்.

என் சந்தேகத்தை இயக்குநரிடம் சொல்வதா, விடுவதா? சொன்னால், அக்காவை இனி யாரும் மேடையில் ஏற்றமாட்டார்கள். சொல்லாமல் விட்டு ஒருநாள் அவர் மேடையில் எல்லோர் முன்னும் உடைந்துபோனால்? வீட்டில் கணவரிடம் கேட்டேன். நகரப் பேருந்து ஓட்டுபவர் அவர், எதற்கும் நேர்ப்பதில் வைத்திருப்பவர். "நீ என்ன டொக்டரே? அந்த மனிசி வாழ்நாள் முழுக்க நடிச்ச மனிசி. எது நடிப்பு, எது வருத்தம் எண்டு நீ எப்பிடிக் கண்டுபிடிப்பாய்?" என்றார்.

நான் சொல்லவில்லை. ஒவ்வொரு மாலையும் திரைக்குப் பின்னால் நின்று, இன்று எந்த மொழி வரப்போகிறது என்று அவருடைய முதுகையே பார்த்துக்கொண்டிருந்தேன். பேச்சுக்கு முன் அவர் மூச்சடக்கி நிற்பதை அரங்கில் இருந்தவர்கள் கலை என்றார்கள். நான் டொச் வசனத்தின் முதற் சொல்லை வாய்க்குள் சொல்லிக்கொண்டிருந்தேன். நாடகக் காலம் முடிந்ததும், கணவரான விளக்குப் பொறுப்பாளர் முன்பே இறந்துவிட்டதால், பிரேசிலிலிருந்து அக்காவின் மகள் வந்து அவரை ஊருக்கு அழைத்துப் போனாள். விமான நிலையத்தில் என்னைக் கட்டிப்பிடித்து ஒரு பெயர் சொல்லி அழைத்தார். அது என் பெயர் அல்ல. நாடகத்தில் வந்த யாருடைய பெயரும் அல்ல.

சில மாதங்களில் அவர் மீண்டும் தொலைக்காட்சியில் வந்தார். இம்முறை நினைவு மங்கிக்கொண்டே போகும் ஒரு தாயின் வேடம். மகள் அனுப்பிய காட்சிகளைக் கைபேசியில் பார்த்தேன். குரல் மாற்றாத, கீழே மொழிபெயர்ப்பு எழுத்து ஓடாத காட்சிகள். கரகரத்த அந்தக் குரலில் அவர் யாரையோ தேடினார், தேநீர்க் கோப்பையை முகர்ந்து பார்த்துவிட்டு மேசையில் கவிழ்த்து வைத்தார். ஒரு சொல்கூட விளங்காமல் அழுதேன். பிறகு எனக்கே சந்தேகம் வந்தது. நான் அழுதது அந்தத் தாய்க்காகவா, அக்காவுக்காகவா, அல்லது அந்த அற்புதமான நடிப்புக்காகவா?

போன ஞாயிறு மகள் வீடியோவில் அழைத்தாள். அவளும் டொச் பேசுவாள். அக்காவுக்கு அந்த மறதி வருத்தம் உண்மைதான் என்றாள். வைத்தியர் சொன்ன பிறகுதான் அம்மா அந்த வேடத்தைத் தானாகக் கேட்டு வாங்கினாராம். அது எப்போது தொடங்கியது என்று கேட்டேன். "அது எங்களுக்கும் தெரியாது" என்றாள். பிறகு கைபேசியை அக்காவின் முகத்துக்கு நேரே பிடித்தாள்.

அவர் போர்த்துக்கீசத்தில் நீளமாக ஏதோ சொன்னார். நான் தலையாட்டினேன். நிறுத்தி, என் முறைக்காகக் காத்திருப்பதுபோல் பார்த்தார். டொச்சில் பேசினால் அவருக்கு இப்போது விளங்காது என்று மகள் சொல்லியிருந்தாள். அதனால் நான் தமிழிலேயே பேசினேன். "அக்கா, சுகமா இருக்கிறியளோ? சாப்பிட்டியளோ? இங்கை குளிர் தொடங்கிட்டுது." குரல் இறங்கி இறங்கி, கடைசிச் சொற்கள் எனக்கே கேட்கவில்லை.

அக்கா புருவத்தைச் சுருக்கினார். ஒரு விரலை உயர்த்தினார். பிறகு தெளிவான டொச்சில் சொன்னார்:

"சத்தமாய்ச் சொல்லும். கடைசி வரிசைக்குக் கேக்காது."

மகள் திரையின் ஓரத்தில் என்னைப் பார்த்தாள். நானும் அவளைப் பார்த்தேன். பிறகு நிமிர்ந்து உட்கார்ந்து, முதலிலிருந்து, சத்தமாய்ச் சொல்லத் தொடங்கினேன்.