முதல் நாளே வாங்கிய பூசணிக்காய்

தாராவியில் தோல்பை தைக்கும் பாய், என் முதல் படத்துக்காகத் தன் பட்டறையையே ஒழித்துக் கொடுத்தார். திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். என்மேல் அவருக்கு ஏன் அத்தனை நம்பிக்கை என்று இன்றுவரை எனக்குப் புரியவில்லை. தையல் மெஷின்களைச் சந்தில் இறக்கித் தார்ப்பாய் போட்டு மூடினார்கள். படப்பிடிப்பு முடிந்தால் பூசணிக்காய் உடைப்பார்கள் என்று யாரோ அவரிடம் சொல்லியிருக்கிறார்கள். முதல் நாளே தாதர் மார்க்கெட்டுக்குப் போய்ப் பெரிய காயாக வாங்கி வந்துவிட்டார்.

"நமக்கு அந்த வழக்கமில்ல. ஒங்க தொழிலுக்கு உண்டுல்லா" என்று மூலையில் வைத்தார்.

என்னிடம் கதைதான் இல்லை. மனதில் இருந்தவரை நன்றாக இருந்தது, எழுத உட்கார்ந்ததும் செத்துப்போனது. கேமராவை எங்கே வைக்கட்டும் என்று கேமராமேன் கேட்கும்போதெல்லாம் டீ சொல்லி அனுப்பினேன். கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே சும்மா இருந்தோம். அந்தக் காய் என்னையே பார்த்துக்கொண்டிருந்தது.

மாட்டுங்காவில் ஒரு பழைய கறுப்பு வெள்ளைப் படம் போட்டார்கள். செட் தயார், ஆட்கள் தயார், என்ன எடுப்பதென்று தெரியாமல் முழிக்கும் இயக்குநரின் கதை. அந்த முழிப்பே படமாகிவிட்டது. எனக்கு வயிறு எரிந்தது. அவனுடைய வெறுமைக்குள் எத்தனை பேர் வந்து ஆடினார்கள்! என்னுடையதில் ஓர் ஈ கூட இல்லை.

மறுநாள் வெட்கமில்லாமல் அதையே பாயிடம் சொன்னேன். படம் எடுக்க முடியாத ஒருவனைப் பற்றிய படம்.

பொறுமையாகக் கேட்டார். "அது ஒங்க கஷ்டம்லா தம்பி. படம் எங்க?"

டீ சொல்லி அனுப்பத் திரும்பினேன். அவரே தொடர்ந்தார்.

"பெரிய ஆர்டர் ஒண்ணு வந்திருக்கு. பயலுவ சும்மா ஒக்காந்திருக்கானுவ. பரவால்ல, நீங்க சொன்னா வேண்டாம்னுருதேன்."

கோபப்பட்டிருந்தால் தாங்கியிருப்பேன். "ஆர்டர எடுத்துக்கிடுங்க பாய்" என்று சொன்னேன். மூலையிலிருந்த காயைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தேன். கற்பூரம் இல்லை, குங்குமம் இல்லை. சந்தின் நடுவில் ஓங்கிப் போட்டேன்.

தார்ப்பாய் ஓரம் உட்கார்ந்திருந்த தையல்காரர்கள் எழுந்து கைதட்டினார்கள். ஒருவர் ஓடிவந்து என் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

"படம் முடிஞ்சிட்டாண்ணே? எப்ப ரிலீசு?"

பாய் என் முகத்தைப் பார்க்கவில்லை. "முடிஞ்சிட்டுடே" என்றார். "மெஷினத் தூக்குங்க."