பெயரிலி எழுதிய வரி

மூக்குக்கண்ணாடிக் கடையின் பின்னறையில் லென்ஸ் தேய்த்துக்கொண்டிருக்கும்போதே, கால்மணிக்கு ஒருதரம் இயந்திரத்தை நிறுத்திவிட்டுப் போனை எடுப்பார் பவர் சார். கடையில் அவருக்கு அதுதான் பேர். பார்ப்பது செய்தியல்ல, சினிமாவல்ல. பதினைந்து வருஷமாகப் போய்வரும் ஓர் இணைய அரட்டைத் தளம். அங்கே எழுதுகிற அத்தனை பேருக்கும் ஒரே பெயர்தான்: பெயரிலி. எழுதியது யாரென்று கேட்பதே அங்கே அநாகரிகம். ஒரு காலத்தில் ஆயிரக்கணக்கில் மொய்த்த இடம், இப்போது காற்று வாங்குகிறது. நாளுக்கு நாலைந்து பேர் வந்தால் அதிகம்.

கூட்டம் இருந்த நாளில், ஏதோ சண்டைக்கு நடுவே அவர் ஒரு வரியைத் தட்டிவிட்டார்: “எனக்கு ஒண்ணும் தெரியாது, ஆனா கருத்து இருக்கு.” இன்று அது பனியனில் இருக்கிறது, விளம்பரத்தில் இருக்கிறது. கண்ணைச் சோதித்துக்கொள்ள வருகிறவர்கள் அவரிடமே அதைச் சொல்லிச் சிரிக்கிறார்கள். அதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொண்டார். மனைவியின் தம்பி அதே வரியை ஒரு வீடியோவில் சொல்லி ஊரெல்லாம் பேர் வாங்கினானே, அதைத்தான் பொறுக்க முடியவில்லை.

வயிற்றெரிச்சல் என்றால் அப்படி ஒரு வயிற்றெரிச்சல். தம்பிக்கு என்ன மூளை, என்ன மூளை என்று மனைவி பூரிக்கும்போது சோறு இறங்காது. தன்னைப் பார்த்து அவள் அப்படி ஒருதரம் சிரித்தால் போதும் அவருக்கு. துணிந்து ஒருநாள் சொல்லியும்விட்டார். “அது நான் எழுதுனதுடி.”

மேலும் கீழும் பார்த்தாள். “பொறாமைக்கும் ஒரு அளவு வேணாமாங்க?”

காட்டுவதற்கு ஆதாரமும் இல்லை. பழைய பக்கங்களைத் தளமே அழித்துவிடும். சாட்சிக்காவது ஆள் கிடைக்குமா என்று அங்கேயே கேட்டுப் பார்த்தார். ஒரே ஒரு பதில் வந்தது: “இந்த மாசம் இதைச் சொல்ற ஏழாவது ஆளு நீ. வரிசையில நில்லு.”

போன ஞாயிறு மச்சினன் சாப்பிட வந்தான். அக்கா பரிமாறிக்கொண்டிருக்கும்போதே அவர் பக்கம் சாய்ந்து, குரலைத் தாழ்த்திக்கொண்டான்.

“அந்த வீடியோவுக்கப்புறம் போட்டது ஒண்ணுமே ஓடமாட்டேங்குது மாமா. உங்களுக்கு ஏதாவது தோணுனா சொல்லுங்க. உங்க பேரையே போட்டுடறேன்.”

அந்த வினாடியே ஒரு வரி தோன்றிவிட்டது. முந்தையதைவிட நல்ல வரி. தம்பி கேட்டது காதில் விழ, மனைவி கரண்டியோடு நின்று அவர் வாயையே பார்த்தாள். போயும் போயும் இவனுக்கா கொடுப்பது என்றிருந்தது அவருக்கு.

“எனக்கு அதெல்லாம் வராதுப்பா” என்று எழுந்தார். குளியலறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டார். வரியைத் தளத்தில் தட்டிவிட்டு, வாளியைக் கவிழ்த்துப்போட்டு அதன்மேல் உட்கார்ந்தார், அந்த நாலைந்து பேரில் யாராவது சிரிக்கிறார்களா என்று பார்க்க.