கரி பூசிய புது பூட்ஸ்

அஸ்லாக்கிடம் ஒரு குறையும் சொல்ல முடியாது, வாயைத் தவிர. பள்ளிக்கூடத்தில் கொதிகலன் மக்கர் செய்தாலும், கூரையில் பனி ஏறி உட்கார்ந்தாலும், எவனாவது பூட்டுக்குள் சூயிங்கத்தை அடைத்தாலும் அவர்தான் வர வேண்டும். வந்தால் வேலை முடிந்துவிடும். ஆனால் அறுபதை நெருங்கும் அந்த மனிதருக்கு, யாராவது புதுப் பனிச்சறுக்குச் சாமானோடு மலைக்கு வந்தால் மட்டும் பொறுக்கவே பொறுக்காது. "என்னப்பா, கல்யாண வீட்டுக்கா கிளம்பிட்ட?" என்று ஆரம்பிப்பார். அதற்குப் பிறகு நாள் பூராவும் கிண்டல்தான்.

ஆசிரியர் யோஸ்தேன் ஒருமுறை புது பூட்ஸ் போட்டுக்கொண்டு வந்தார். பாவம், மலைமேல் இருக்கும் குடிலுக்குப் போய்ச் சேரும்வரை அஸ்லாக் விடவில்லை. "பார்த்து நடங்கப்பா, சாருடைய பூட்ஸுல பனி பட்டுடப் போவுது!" என்று முன்னால் போனவர்களுக்கெல்லாம் கூவிக்கொண்டே வந்தார். அடுத்த வருஷம் யோஸ்தேன் வேறு கூட்டத்தோடு மலையேறினார்.

இதற்கு அஸ்லாக்கை மட்டும் குறை சொல்லியும் பயனில்லை. எங்கள் பள்ளத்தாக்கில் முழங்கையில் ஒட்டுப்போட்ட அங்கிக்குத்தான் மதிப்பு. அப்பா போட்ட பூட்ஸை மகன் போட்டால் ஊரே தலையாட்டும். மற்றவர்கள் மனதுக்குள் நினைப்பதை அவர் வாய்விட்டுச் சொன்னார், அவ்வளவுதான்.

அந்தக் குளிர்காலத்தில் அவருடைய பழைய பூட்ஸ் காலை வாரியது. இந்த வகை பூட்ஸுக்கு முன்னால் வாத்தின் அலகு போல ஒரு மூக்கு நீட்டிக்கொண்டிருக்கும். அடியில் மூன்று துளைகள். ஸ்கீ என்கிற நீளச் சறுக்குப் பலகையின் மேல் திருகியிருக்கும் கவ்வியில் மூன்று முளைகள் உண்டு. துளையில் முளை உட்கார, மேலே ஒரு கம்பி வந்து மூக்கை அழுத்திப் பிடிக்கும். குதிகால் மட்டும் இஷ்டத்துக்கு எழும்பி இறங்கும். அஸ்லாக்கின் பூட்ஸில் மூன்று துளைகளும் கிழிந்து ஒரே துளையாகிவிட்டன. பிசின் ஊற்றினார், தகரம் வைத்து அடித்தார். மூக்கு கையோடு வந்துவிட்டது. அதே வேகத்தில் கவ்வியும் வளைந்துபோயிற்று.

வேறு சமயமாக இருந்தால் அந்த வருஷம் காலில் வலி என்று சொல்லிச் சமாளித்திருப்பார். ஆனால் தோரூன் இருந்தாரே! மேற்குக் கடற்கரையிலிருந்து வந்து எங்கள் ஊர் மருந்துக்கடையில் வேலைக்குச் சேர்ந்த பெண்மணி. அமைதியாகப் பேசுவார், சத்தமாகச் சிரிப்பார். அஸ்லாக் இல்லாத இருமலுக்கெல்லாம் மருந்து வாங்கி, கடைசியில் ஒருநாள் தைரியத்தைக் கூட்டிக்கொண்டு கேட்டேவிட்டார்.

"ஈஸ்டருக்கு எங்க மலை வீட்டுக்கு வாங்களேன். ஆட்டுக்கறி நான் நல்லாவே சமைப்பேன்."

தோரூன் மருந்துப் பையை மடித்துக்கொண்டே சொன்னார்: "முதல்ல ஸ்கீ சங்கத்தோட போற ஞாயித்துக்கிழமைப் பயணத்துக்கு நானும் வரேன். மலையில நீங்க எப்படிப்பட்ட ஆளுன்னு பாத்துட்டு அப்புறம் சொல்றேன்."

அஸ்லாக்கின் மனைவி பிரிந்து போய் எத்தனையோ ஈஸ்டர் ஆகிவிட்டது. அத்தனையிலும் மலை வீட்டின் வெயில் விழும் சுவரில் சாய்ந்து தனியாக ஆரஞ்சு உரித்துத் தின்றிருக்கிறார். அது அவருக்கு அலுத்துப்போயிருந்தது. எப்படியும் அந்த ஞாயிற்றுக்கிழமை மலையேறியாக வேண்டும்.

இரண்டு பள்ளத்தாக்குகள் தாண்டி, தன்னை யாருக்கும் தெரியாத ஓர் ஊருக்குக் காரை ஓட்டினார். திருடன் மாதிரி கடைக்குள் நுழைந்து, புது பூட்ஸும் புதுக் கவ்விகளும் வாங்கி, விறகுக்கு அடியில் ஒளித்து வீட்டுக்குக் கொண்டுவந்தார். பிறகு நிலவறையில் ஆரம்பித்தது அலங்காரம். பூட்ஸின் தோலை உப்புத்தாளால் தேய்த்தார். காப்பித்தூள் சக்கையை ஈரத்தோடு பூசினார். பழைய பூட்ஸின் நைந்த கயிறுகளைக் கோத்தார். கவ்விகளைப் பழைய ஸ்கீயில் திருகிவிட்டு, பளபளப்பு போக அடுப்புக் கரியையும் கிரீஸையும் குழைத்து அப்பினார். எல்லாம் முடிந்ததும் தள்ளி நின்று பார்த்தார். அப்பா காலத்துச் சாமான் போலவே இருந்தது. மனிதருக்கு ஒரே பூரிப்பு.

ஒன்றை மட்டும் மறந்தார். புதுத் தோல் பூட்ஸை நாலு நாளாவது வெளியே போட்டுப் பழக்க வேண்டும். போட்டால் எதிர்வீட்டார் பார்ப்பார்களே! பழக்காமலே கிளம்பினார்.

ஞாயிறு காலை எல்லாரும் கூடினார்கள். கெட்ட நேரம், அந்தக் கூட்டத்தில் யோஸ்தேனும் இருந்தார். ஆனால் அஸ்லாக்கின் கண் தோரூனின் ஸ்கீயில்தான் விழுந்தது. தார் பூசிய மரத்தில் செய்தது, ஆளைவிட உயரம். காலில் சுருங்கி வெடித்த பூட்ஸ்.

"அடேங்கப்பா! எங்க புடிச்சீங்க இதை? ஸ்கீன்னா இதுதான் ஸ்கீ!"

"கிடைச்சுது," என்றார் தோரூன். குனிந்து பூட்ஸ் கயிற்றை இறுக்கினார்.

முதல் ஏற்றத்திலேயே அஸ்லாக்கின் குதிகாலில் தீப்பிடித்தது. இரண்டாவது ஏற்றத்தில் ஒவ்வோர் அடிக்கும் பல்லைக் கடித்தார். நல்லவேளையாகத் தோரூனும் பின்தங்கினார். அந்தக் கிழட்டு ஸ்கீ இரண்டடி ஏறினால் ஓரடி பின்னால் வழுக்கியது. மற்றவர்கள் முன்னே போய் மறைந்தார்கள். இவர்கள் இருவரும் அடிக்கொரு தரம் நின்றார்கள்.

"இங்கேருந்து பாத்தா நல்லாயிருக்குல்ல?" என்பார் அஸ்லாக்.

"ஆமா ஆமா, ரொம்ப நல்லாயிருக்கு," என்பார் தோரூன், மூச்சிரைக்க.

மலை முழுக்கப் பனிமூட்டம். தடத்தை அடையாளம் காட்ட நட்டுவைத்த குச்சிகளில் அடுத்த குச்சி மட்டும்தான் கண்ணுக்குத் தெரிந்தது.

குடிலுக்கு இன்னும் ஒரு மேடு பாக்கி. அங்கேதான் தோரூனின் இடது கவ்வியில் இருந்த கம்பி படக்கென்று உடைந்தது. அவர் பக்கவாட்டில் சாய, ஒரு கால் இடுப்புவரை பனியில் புதைந்தது. அஸ்லாக் தூக்கி நிறுத்தினார். பைக்குள்ளிருந்து கயிறெடுத்துக் கட்டிப் பார்த்தார். ஏற்றத்தில் அந்தக் கட்டோடு தோரூனால் ஏற முடியவில்லை. ஸ்கீ காலோடு வராமல் குறுக்கே திரும்பியது. காற்று வேறு எழும்ப ஆரம்பித்தது.

வழி ஒன்று இருந்தது. மூன்று துளை மூக்கு எல்லா பூட்ஸுக்கும் ஒரே அளவுதான். தன் இடது ஸ்கீயைக் கழற்றிக் கொடுத்தால் தோரூன் நிம்மதியாகப் போகலாம். உடைந்ததைத் தன் காலில் கட்டிக்கொண்டு தான் எப்படியாவது நொண்டி வந்துவிடலாம். ஆனால் தோரூன் குனிந்து கவ்வியைத் தொட வேண்டுமே! தொட்டால் கரி ஒட்டும், குட்டு உடையும். சொல்லவே வெட்கமாயிருக்கிறது, அந்த இடத்திலும் அந்த மனிதர் கொஞ்சம் யோசித்தார். பிறகு தோரூனின் உதடு குளிரில் நடுங்குவதைப் பார்த்தார். தன்னைத்தானே கெட்ட வார்த்தையில் திட்டிக்கொண்டு ஸ்கீயைக் கழற்றினார்.

தோரூன் குனிந்து கம்பியை அழுத்தினார். நிமிர்ந்தபோது வெள்ளைக் கையுறை கன்னங்கரேல் என்றிருந்தது.

"இது என்ன கரி?"

அஸ்லாக் முகத்தைத் திருப்பித் தடத்துக் குச்சியைப் பார்த்தார்.

தோரூன் கட்டைவிரலால் இன்னும் கொஞ்சம் துடைத்தார். உள்ளே பளபளவென்று மின்னியது. "இது புத்தம் புதுசாச்சே! இருங்க, அந்த பூட்ஸும்..."

"ஆமா. அதுவும்தான்."

"அப்புறம் எதுக்கு இந்த வேஷம்?"

"இத்தனை வருஷமா ஊர்ல ஒருத்தரை விடாம பேசிட்டேன். இப்ப நானே புதுசு போட்டுட்டு எந்த மூஞ்சியோட வர்றது?"

தோரூன் சிரிப்பார் என்று எதிர்பார்த்தார். தோரூன் சிரிக்கவில்லை.

"எங்கிட்ட நல்ல பூட்ஸ் இருக்குங்க. போன நவம்பர்ல வாங்கி, தினமும் போட்டுப் பழக்கி வச்சிருக்கேன். உங்க வாய்க்குப் பயந்துட்டுத்தான் அதை வீட்டுல வச்சிட்டு, நான் வாடகைக்கு இருக்கிற வீட்டோட ஓனர் கொட்டகையில கிடந்த இதைத் தூசி தட்டி எடுத்துட்டு வந்தேன். ரெண்டு சாக்ஸ் போட்டும் கால் உள்ள ஆடுது. நாளெல்லாம் பயந்துகிட்டே வந்தேன், தெரியுமா?"

அஸ்லாக்குக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது. "மன்னிச்சிருங்க," என்றார்.

"வாங்க, போவோம். காத்து வருது," என்று சொல்லித் தோரூன் முன்னால் போனார். வழியில் ஒரு தடவைகூடத் திரும்பிப் பேசவில்லை. அவர் காலில் ஒரு ஸ்கீ மரம், ஒரு ஸ்கீ அஸ்லாக்குடையது. பின்னால் அஸ்லாக் வந்தார், ஒரு காலில் தன் ஸ்கீ, இன்னொரு காலில் கயிறு சுற்றிய மரக்கட்டை. குதிகால் வலித்தது. அதைவிட, ஈஸ்டர் கைவிட்டுப் போய்விட்டது என்ற எண்ணம் அதிகமாக வலித்தது.

குடிலின் சன்னலில் முகங்கள் நெருக்கியடித்தன. யோஸ்தேன் வாசலுக்கே வந்துவிட்டார்.

"யோவ் அஸ்லாக், இது என்னய்யா கோலம்?"

தோரூனின் கம்பி உடைந்துவிட்டது, உதவினேன் என்று சொல்லியிருந்தால் போதும். அது உண்மையும்கூட. மெச்சித் தோளில் தட்டியிருப்பார்கள். தோரூனும் காட்டிக்கொடுக்கிற ஆளாகத் தெரியவில்லை. பேசாமல் உள்ளே போய்க் கையுறையை அடுப்புக்கு மேல் காயப்போட்டார். ஆனால் அஸ்லாக் பூட்ஸைக் கழற்றினார். எல்லாரும் சூப் குடித்துக்கொண்டிருந்த மேசைக்கு நடுவில் கொண்டுபோய் வைத்தார்.

"நல்லா பாத்துக்க யோஸ்தேன். புதுசு. நான்தான் உப்புத்தாள் போட்டுத் தேய்ச்சேன். காப்பிச் சக்கையும் பூசினேன்."

குடிலே சிரிப்பில் அதிர்ந்தது.

"ஐயையோ! பொறந்த குழந்தைக்கு நரைமுடி ஒட்டி விட்டிருக்கான்யா இவன்!" என்று யோஸ்தேன் மேசையை அறைந்தார்.

"உப்புத்தாள் எதுக்கு? எம் பேரன்கிட்ட குடுத்திருந்தா ஒரே நாள்ல பழசாக்கியிருப்பானே!" என்றாள் ஓர் அம்மா.

"மோந்து பாருங்கப்பா, நல்ல காப்பி!"

யோஸ்தேன் வட்டியும் முதலுமாகத் தீர்த்துக்கொண்டார். அஸ்லாக்கின் காதுமடல் சிவந்தது. ஆனாலும் அத்தனையையும் நின்று வாங்கிக்கொண்டார். அடுப்பில் பால் பொங்கி வழிந்ததைக்கூட யாரும் கவனிக்கவில்லை.

தோரூன் மட்டும் இன்னும் சிரிக்கவில்லை. தன் பையிலிருந்து பிளாஸ்திரியும் கத்தரிக்கோலும் எடுத்துவந்து பெஞ்சில் உட்கார்ந்தார். "காலைக் காட்டுங்க," என்றார். சாக்ஸை இறக்கியதும் முகம் சுளித்தார். இரண்டு குதிகாலிலும் தோல் உரிந்து ரத்தம்.

"இதை எப்ப சொல்றதா இருந்தீங்க?"

"சொல்ற உத்தேசமே இல்லைங்க."

தோரூன் பிளாஸ்திரியை வெட்டி, சுருக்கம் விழாமல் ஒட்டினார். இரண்டாவது காலையும் முடித்துவிட்டு நிமிர்ந்தார்.

"ஈஸ்டருக்கு வரேன்."

அஸ்லாக்குக்குத் தான் கேட்டது சரிதானா என்றே சந்தேகம்.

"ஆனா என் பூட்ஸோடதான் வருவேன். அதைப் பாத்து நீங்க ஒரு வார்த்தை சொன்னீங்க, அடுத்த பஸ்ஸைப் புடிச்சுத் திரும்பிருவேன். இப்பவே சொல்லிட்டேன்."

"ஒண்ணும் சொல்ல மாட்டேன். சத்தியமா."

"சிவப்பு பூட்ஸ்," என்றார் தோரூன். "கவ்வியும் சிவப்பு."

சிவப்பு! எங்கள் மலையில் அப்படி ஒன்றைப் போட்டுக்கொண்டு வர இதுவரை ஒருவருக்கும் துணிச்சல் வந்ததில்லை. அஸ்லாக்கின் வாய் தானாகத் திறந்தது. யோஸ்தேன் கரண்டியை அந்தரத்தில் நிறுத்தினார். குடிலில் இருந்த அத்தனை பேரும் அந்த வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

வாய் மூடியது.

"சிவப்பு உங்களுக்கு எடுப்பா இருக்கும்," என்றார் அஸ்லாக். நெற்றியில் வியர்வை பூத்திருந்தது.

அப்போதுதான் தோரூன் அன்றைக்கு முதல்தடவையாகச் சிரித்தார்.