சிசாங்குக்கு ஒரு நாற்காலி

எங்கள் பங்குக் கோவில் வாசலில் ‘எல்லாரும் வரலாம்’ என்று பெரிதாக எழுதிப் போட்டிருக்கிறது. வரலாம், சரி. வந்தவர்கள் எங்கே உட்காருவது? ருஃபோ செத்தபோதுதான் எனக்கு இந்தக் கேள்வி வந்தது. அந்த நாட்களில் அந்தப் பலகையைப் பார்த்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

நவோதாஸ் மீன்துறைப் பக்கம் சிசாங்கைத் தெரியாதவர்கள் கிடையாது. ஞானஸ்நானத்தில் வைத்த ஆண்பிள்ளைப் பெயர் நர்சிசோ. அப்படிக் கூப்பிட்டால் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டாள். ஐஸ் ஃபாக்டரிச் சந்தில் அழகு நிலையம் வைத்திருக்கிறாள். கல்யாணப் பெண்ணுக்குக் கொண்டை போடுவதும் அவள்தான், மே மாதம் மாதா சுரூபத்துக்கு உடுத்திவிடுவதும் அவள்தான். முன்பு ஆற்றுக்கு அந்தப் பக்கத்துக் கோவிலுக்குப் போய்க்கொண்டிருந்தாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை நற்கருணை வாங்க வரிசையில் நின்றவளைக் கையைப் பிடித்து வெளியே இழுத்து விட்டார்கள். பாவாடையைக் கழற்றிவிட்டு வா என்றார்களாம். அழுதுகொண்டே பாலத்தைக் கடந்து எங்களிடம் வந்தாள். எங்கள் பங்குச்சாமியார் ஃபாதர் எலாடியோ ஒன்றே ஒன்று கேட்டார்: “பாடத் தெரியுமா?” பாடற்குழுவில் சேர்த்துக்கொண்டார். குரல் சுமார்தான். சாமிக்குக் காது மந்தம், அவள் அதிர்ஷ்டம்.

அந்தப் பாடற்குழுவில்தான் ருஃபோ இருந்தான். மூன்று சக்கர வண்டி ஓட்டுகிறவன், சமார் தீவுக்காரன், வாயைத் திறந்தால் பாட்டுக்கு மட்டும்தான். இரண்டு பேரும் பதினான்கு வருஷம் ஒரே வீட்டில் வாழ்ந்தார்கள். நாங்கள் யாரும் ஒன்றும் கேட்கவில்லை, அவர்களும் ஒன்றும் ஒளிக்கவில்லை. ஊரில் இருந்த தாயிடம் மட்டும் “சிநேகிதனோட ரூம் எடுத்திருக்கேன்” என்று சொல்லி வைத்திருந்தான். பாவிப்பயல், உயிரோடு இருக்கும்போதே உண்மையைச் சொல்லித் தொலைத்திருக்கக் கூடாதா?

வண்டி ஸ்டாண்டில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தான். ஆஸ்பத்திரியில் சொந்தக்காரர்கள் மட்டும்தான் உள்ளே வரலாம் என்று சிசாங்கை வெளியிலேயே நிறுத்திவிட்டார்கள். உள்ளே அவன் தனியாகப் போய்ச் சேர்ந்தான்.

அடக்கம் வரைக்கும் உடலை வைக்க ஃபாதர் பங்கு மண்டபத்தைத் திறந்துவிட்டார். சிசாங்கே அவனுக்குச் சவரம் செய்து, தலை வாரி, வெள்ளைச் சட்டை போட்டுவிட்டாள். “இனிமே எனக்கு ஒண்ணும் வேணாம்க்கா. மண்ணுக்குப் போற வரைக்கும் பக்கத்துல உக்காந்திருந்தாப் போதும்” என்றாள் என்னிடம். அதுகூடக் கிடைக்கவில்லை.

மறுநாள் தாய்க்காரி கொன்சிங் வந்து இறங்கினாள். ஒல்லி உடம்பு, கருவாடு மாதிரி இறுகின முகம். மகனைப் பார்த்தாள், சவப்பெட்டிக் கண்ணாடியைத் தடவினாள், அழவில்லை. பிறகு பக்கத்து நாற்காலியில் கறுப்புப் பாவாடையோடு இருந்த சிசாங்கை ஏற இறங்கப் பார்த்தாள்.

“நீதான் அந்தச் சிநேகிதனா, தம்பி?”

“ஆமாம்மா.”

“சிநேகிதப் பசங்களுக்கு வாசப்பக்கம் பெஞ்சி கெடக்கு பாரு. இங்க ரத்த சொந்தம்தான் உக்காரணும்.”

சிசாங் எழுந்து போனாள். வாசல் பெஞ்சில் எத்தனை நேரம் சும்மா உட்காருவது? இஞ்சித் தண்ணீர் காய்ச்சினாள், கஞ்சி ஊற்றினாள், வந்தவர்களுக்கெல்லாம் பிஸ்கெட் நீட்டினாள். புருஷன் சாவுக்கு வேலைக்காரி ஆனாள். ஒரு தடவை அடுப்பங்கரைக்குப் பின்னால் போனேன். கைத்துண்டை வாய்க்குள் திணித்துக்கொண்டு, சத்தம் வராமல், சுவரில் தலையை முட்டிக்கொண்டிருந்தாள்.

நான் மீன் விற்கிறவள். என் வாய்க்குப் பூட்டு கிடையாது. நேரே ஃபாதரிடம் போனேன்.

“என்னா சாமி, பலகை மட்டும் எழுதிப் போட்டாப் போதுமா? அந்தம்மாகிட்ட ஒரு வார்த்த சொல்லுங்களேன்!”

“சொன்னேன், திமெங். ரெண்டு தடவ சொன்னேன். கோவில் கதவத் தொறக்க எங்கிட்ட சாவி இருக்கு. அந்தம்மா மனசுக்கு எங்கிட்ட சாவி இல்லியே.” அவர் கண் கலங்கியிருந்தது. எனக்கு இன்னும் கோபம்தான் வந்தது.

கடைசி நாள் மத்தியானம் செபமாலை நான்தான் சொன்னேன். மறுநாள் விடிந்ததும் பெட்டியை வண்டியிலேற்றி, கப்பலில் சமாருக்குக் கொண்டுபோய் அங்கேயே புதைப்பதாக ஏற்பாடு. சிசாங் கஞ்சிக் குவளையோடு தாயிடம் போய், “நானும் வரட்டுமாம்மா?” என்று கேட்டாள்.

“வண்டியில எடமில்ல, தம்பி.”

அவ்வளவுதான். கஞ்சி கீழே சிந்தியது. சிசாங் துடைத்துவிட்டு நிமிர்ந்தாள். முகத்தில் ஒன்றுமே இல்லை. இவள் இன்று ராத்திரி ஏதாவது செய்துகொள்வாளோ என்று எனக்குப் பயம் பிடித்துக்கொண்டது.

செபம் முடிந்து ஆட்கள் எழுந்தார்கள். நானும் எழுந்தேன். சிசாங் என் கையைப் பிடித்துக்கொண்டு, “வாங்கக்கா, கேட்டு வரைக்கும் கொண்டு விடுறேன்” என்றாள்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. “அடிப் பைத்தியக்காரி! சாவு வீட்டுக்காரங்க வந்தவங்கள வழியனுப்புவாங்களா? அடுத்த சாவக் கூட்டிட்டு வரவா? உள்ள போ!”

“நான் சாவு வீட்டுக்காரியாக்கா?” மூன்று நாளாக அடக்கி வைத்த குரல் மண்டபம் முழுக்கக் கேட்டது. “நான் யாரு? எனக்கு யாரு செத்தாங்க? யார வேணும்னாலும் வழியனுப்பலாம் நான். எனக்கு ஒரு தீட்டும் கெடையாது. இன்னொரு சாவு வந்தா வரட்டுமே, எனக்கே வரட்டும்!”

என்னை இழுத்துக்கொண்டு படிவரை போய்விட்டாள். ஒரு காலைக் கீழே வைத்தும்விட்டாள்.

“அடியே! நில்லு!”

கொன்சிங் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்து வந்தாள். வயசான மனுஷி அத்தனை வேகமாக நடப்பாள் என்று யாரும் நினைத்திருக்க மாட்டார்கள். சிசாங்கின் கையை என் கையிலிருந்து பிடுங்கினாள்.

“வாசலத் தாண்டாத. வந்தவங்களுக்குப் போகத் தெரியும். ஒண்ணப் பறி குடுத்தது பத்தாதா எனக்கு? வந்து உக்காரு.”

“எங்கம்மா?”

“எங்கயா? அவன் தலமாட்டுல. காலையில வண்டியிலயும் அங்கதான் உக்காரணும். கப்பல்ல ஏத்தறப்போ பொட்டி குலுங்கும், நான் ஒருத்தி எப்படிப் புடிச்சுக்குவேன்?”

அப்போதுதான் கிழவி அழ ஆரம்பித்தாள். சிசாங் அவளைத் தாங்கிக்கொண்டு உள்ளே போனாள். நான் கேட்டுக்குத் தனியாக நடந்தேன். என்னை வழியனுப்ப அந்த வீட்டிலிருந்து யாரும் வரவில்லை.